நஞ்சு எதைப் பார்த்துக் கொல்கிறது?

கிள்ளானில் ஏதாவதொரு தாமானுக்குள், புல் மருந்து அடித்துப் பத்து நாளான வீட்டு வாசலைப் பார்த்தால் ஒரு புதிர் கண்ணில் படும். கேட்டுக்கும் லோங்காங்குக்கும் இடையிலிருந்த புல்தரை வைக்கோல் நிறத்துக்கு வந்திருக்கும். தொட்டாற்சுருங்கி கருகிச் சுருண்டிருக்கும். நடுவில் ஒரே ஒரு கொத்து மட்டும், யாரோ மிதித்து அழுத்தியதுபோல் தரையோடு தட்டையாக விரிந்து, அடித்தண்டு வெள்ளிபோல் மின்ன, பச்சைப் பசேலென்று உட்கார்ந்திருக்கும். ஒரே பம்பு, ஒரே மருந்து, ஒரே காலைப்பொழுது. மற்றதெல்லாம் செத்தபோது இது மட்டும் ஏன் சாகவில்லை? வீட்டுக்காரருக்குச் சட்டென்று தோன்றும் விடை, மருந்தில் காரம் போதவில்லை என்பதுதான். மறுவாரம் ஹார்ட்வேர் கடைக்குப் போய், "இதவிடக் காரமானது இருக்கா?" என்று கேட்பார். கடைக்காரரும் வேறொரு போத்தலை எடுத்து நீட்டுவார்.

அந்தக் கேள்வியிலேயே பிழை இருக்கிறது. களைக்கொல்லியைக் காரத்தை வைத்துத் தேர்ந்தெடுக்க முடியாது. நாம் காக்க நினைக்கும் செடிக்கும் அழிக்க நினைக்கும் செடிக்கும் இடையே உள்ள ஏதோ ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டுதான் ஒவ்வொரு களைக்கொல்லியும் வேலை செய்கிறது. வேறுபாடு இருக்கும்வரை நஞ்சுக்குக் கண் உண்டு. வேறுபாடு இல்லாத இடத்தில் அது குருடு. நம் பேச்சுவழக்கும் இதை மறக்க வைக்கிறது. மலாய்க்காரர்கள் 'ராச்சுன் ரும்புட்' என்று நஞ்சை நஞ்சென்றே சொல்கிறார்கள். நாம் 'புல் மருந்து' என்கிறோம். மருந்து என்று சொல்வதானால் மருந்துக்குரிய ஒழுங்கும் வேண்டும். நாடி பிடிக்காமல் எந்த வைத்தியரும் மருந்து கொடுப்பதில்லை.

முதலில் நாடி: புல்லா, கோரையா, அகன்ற இலையா?

கிள்ளான் பள்ளத்தாக்கின் வீட்டு வாசல்களில் முளைக்கும் நூற்றுக்கணக்கான களைகளை மூன்று குடும்பங்களுக்குள் அடக்கிவிடலாம். முதலாவது அகன்ற இலைக் குடும்பம். தொட்டாற்சுருங்கி, கீழாநெல்லி, குப்பைமேனி, அம்மான் பச்சரிசி எல்லாம் இதில் சேரும். இலையில் நரம்புகள் வலைபோல் பின்னியிருக்கும். இரண்டாவது புல் குடும்பம். இலை நீண்டு ஒடுங்கி, நரம்புகள் ஒன்றுக்கொன்று இணையாக ஓடும். மூன்றாவது கோரை. பார்க்கப் புல்போலத்தான் இருக்கும். தண்டை இரு விரல்களுக்கிடையே வைத்து உருட்டினால் மூன்று விளிம்பு தட்டுப்படும். அடியில் தோண்டினால், நாட்டுமருந்துக் கடையில் விற்கும் அதே கோரைக்கிழங்கு கையில் வரும்.

இந்தப் பிரிவு தாவரவியல் மாணவருக்கான பாடம் மட்டுமல்ல. நஞ்சின் கண் இந்தக் கோடுகளின் மேல்தான் ஓடுகிறது. 1940களின் நடுவில் விற்பனைக்கு வந்த 2,4-டி என்ற களைக்கொல்லியை எடுத்துக்கொள்வோம். செடிகள் தம் வளர்ச்சியைக் கட்டுப்படுத்த உடலுக்குள் சிறிதளவு ஊக்கி ஒன்றைச் சுரக்கின்றன. 2,4-டி அந்த ஊக்கியைப்போல் வேடமிட்டு உள்ளே நுழைகிறது. அகன்ற இலைச் செடி அதை உண்மையென்று நம்பி, தறிகெட்டு வளர்ந்து, தண்டு முறுகி, தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது. புல்லோ அதை விரைவாகச் சிதைத்துவிடுகிறது. புல்லின் இலை ஒடுங்கி நிமிர்ந்திருப்பதால் துளிகள் அதில் அதிகம் தங்குவதில்லை. வளரும் குருத்தும் அடியில் மறைந்திருக்கிறது. ஆகவே புல்தரைக்கு நடுவே முளைத்த தொட்டாற்சுருங்கி செத்துப்போக, சுற்றியிருக்கும் புல் பிழைத்துக்கொள்கிறது. இப்படிச் சிலவற்றைக் கொன்று சிலவற்றை விட்டுவைப்பதைத் 'தேர்ந்து கொல்லும் நஞ்சு' என்று சொல்லலாம்.

ஆனால் நஞ்சு தேர்வது குடும்பத்தை. நம் விருப்பத்தை அல்ல. வாசல் ஓரத்துக் கறிவேப்பிலை, மிளகாய், முருங்கை, மாடத்துத் துளசி எல்லாமே அகன்ற இலைக் குடும்பம். காற்றில் மிதந்து வந்த சில துளிகளே மிளகாய்ச் செடியின் இலையைச் சுருட்டிவிடும். அதேபோல் புல்லை மட்டும் கொல்லும் மருந்தை அடித்தால், சமையலுக்கு வைத்திருக்கும் செராய் தப்பாது; அதுவும் புல்தான்.

இப்போது வாசலில் நின்ற அந்தப் பச்சைக் கொத்துக்குத் திரும்புவோம். அதன் பூங்கதிரைப் பார்த்தால் தமிழ்க் கண்ணுக்கு ஓர் உறவு புரியும். ஒரே புள்ளியிலிருந்து விரல்கள்போல் பிரியும் கதிர். கேழ்வரகுக் கதிரின் மெலிந்த வடிவம். உண்மையிலேயே கேழ்வரகின் நெருங்கிய உறவு அது. அறிவியல் பெயர் எலூசின் இண்டிகா. மலாயில் ரும்புட் சம்பாவ். இங்கே அதைக் காட்டுக் கேழ்வரகு என்று அழைப்போம். அதைச் சுற்றியுள்ள தரை, இந்நகரத்துப் பாடாங்குகளிலும் வாசல்களிலும் எங்கும் விரிந்திருக்கும் கௌ கிராஸ். அதுவும் புல், இதுவும் புல். 2,4-டி இரண்டையும் விட்டுவிடும். புல்கொல்லி வழக்கமாக இரண்டையும் கொன்றுவிடும். சிக்கல் காரத்தில் இல்லை. நஞ்சு பிடித்துக்கொள்வதற்கு அங்கே ஒரு விளிம்பே இல்லை.

தொடுநஞ்சும் ஊடுநஞ்சும்

குடும்பத்துக்கு அடுத்தபடி பார்க்க வேண்டியது, நஞ்சு செடிக்குள் எவ்வளவு தூரம் பயணம் செய்கிறது என்பது. சில நஞ்சுகள் விழுந்த இடத்தை மட்டும் பொசுக்கும். இவற்றைத் தொடுநஞ்சு எனலாம். சில, இலை வழியே நுழைந்து சாற்றோடு கலந்து வேர்வரை இறங்கும், இவை ஊடுநஞ்சு. விதையிலிருந்து புதிதாக முளைத்த இளஞ்செடிக்குத் தொடுநஞ்சே போதும். கோரைக்கும் லாலானுக்கும் அது பயன்படாது. தலை கருகும், மண்ணுக்கடியில் கிழங்கும் வேர்த்தண்டும் சேமிப்போடு காத்திருக்கும், சில வாரத்தில் மறுபடி முளைக்கும். இரண்டு நாளில் கருகியதைப் பார்த்து "நல்ல மருந்து" என்று முடிவு கட்டுபவர் பெரும்பாலும் இங்கேதான் ஏமாறுகிறார். வேகம் வேறு, ஆழம் வேறு.

தொடுநஞ்சுகளில் மலேசியத் தமிழர்கள் மறக்க முடியாத பெயர் பாராகுவாட். 1960களிலிருந்து ரப்பர்த் தோட்டங்களிலும் பிறகு செம்பனைத் தோட்டங்களிலும் அது பரவியது. முதுகில் பம்பைச் சுமந்து அதை அடித்தவர்களில் பெரும்பகுதியினர் தமிழ்ப் பெண்கள். வெயில் பட்ட இலையில் ஒளியிலிருந்து கிடைக்கும் ஆற்றல், மின்னணுக்களாகக் கைமாறிக் கைமாறி உணவாக மாறுகிறது. பாராகுவாட் அந்த மின்னணுக்களை நடுவழியில் பறித்து ஆக்சிஜனுக்குக் கொடுக்கிறது. ஆக்சிஜன் மூர்க்கமான வடிவம் எடுத்து இலையின் சவ்வுகளைக் கிழிக்கிறது. சில மணி நேரத்தில் இலை வாடிவிடும். ஆனால் மின்னணுவைக் கைமாற்றும் வேலை இலைக்கு மட்டும் உரியதல்ல. விழுங்கப்பட்ட பாராகுவாட் மனிதனின் நுரையீரலில் போய்ச் சேர்ந்து, அங்கும் அதே வித்தையைச் செய்கிறது. இலைக்கும் நுரையீரலுக்கும் இடையே அந்த நஞ்சு பார்க்கக்கூடிய வேறுபாடு இல்லை. ஒரு வாய் விழுங்கினாலே உயிர் போகலாம்; மாற்று மருந்து கிடையாது.

தோட்டப் பெண்களின் உடல்நலக் கேடுகளைத் தெனாகானித்தா என்ற மனித உரிமை அமைப்பு 2002இல் ஆய்வாக வெளியிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் மலேசியா பாராகுவாட்டைப் படிப்படியாக விலக்க முடிவெடுத்தது. 2006 நவம்பரில் அந்தத் தடை தளர்ந்தது. கடைசியில் 2020 ஜனவரி 1ஆம் தேதி முழுத் தடை வந்தது. பதினேழு ஆண்டுகளுக்கு மேல் இழுத்த இந்த விவகாரத்திலிருந்து வீட்டு வாசலுக்கு ஒரு பாடம் உண்டு. மருந்துப் போத்தலை வாங்கும்போது, களைக்கும் புல்லுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் கேட்டால் போதாது. களைக்கும் மனிதனுக்கும் உள்ள வேறுபாட்டையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

அந்த இரண்டாவது கேள்விக்கு விடை லேபலின் அடியில் வண்ணப்பட்டையாக இருக்கிறது. மலேசியாவில் 1974ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்கீழ்ப் பதிவான ஒவ்வொரு மருந்துக்கும் எல்ஆர்எம்பி என்று தொடங்கும் பதிவெண் உண்டு. கறுப்பு, சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை என்று பட்டையின் நிறம் மாறமாற, உடனடி நச்சுத்தன்மை குறைந்துகொண்டு போகிறது. அந்த நிறம் சொல்வது மனிதனுக்கான ஆபத்தை. களைக்கான காரத்தை அல்ல. வெள்ளைப் பட்டை போட்ட மருந்து களையைக் கொல்லாது என்று நினைப்பது தப்புக் கணக்கு. பட்டையும் பதிவெண்ணும் இல்லாமல் மினரல் வாட்டர் போத்தலில் ஊற்றி விற்கப்படும் மருந்தை வாங்குவது அதைவிடப் பெரிய தப்பு.

ஒரு தேக்கரண்டிக் கணக்கு

ஊடுநஞ்சுகளில் மிகப் பெயர் பெற்றது கிளைபோசேட். 1974இல் அது விற்பனைக்கு வந்தபோது உலகிலேயே முதலில் பயன்படுத்திய இடங்களில் மலேசிய ரப்பர்த் தோட்டங்களும் அடக்கம். செடிகள் தம் புரதங்களுக்குத் தேவையான சில மூலப்பொருட்களைத் தாமே தயாரிக்கின்றன. அந்தத் தயாரிப்பில் ஒரு படியை நடத்தும் நொதி ஒன்று உண்டு. நொதி என்பது உடலுக்குள் வேதிவினையை விரைவுபடுத்தும் புரதம். கிளைபோசேட் அந்த நொதியின் குழிக்குள் போய் அடைத்துக்கொள்கிறது. தயாரிப்பு நிற்கிறது, ஒன்றிரண்டு வாரத்தில் செடி பட்டினியால் சாகிறது. மனித உடலில் அந்த நொதி கிடையாது. அந்த மூலப்பொருட்களை நாம் சாப்பாட்டிலிருந்து பெறுகிறோம். பாராகுவாட்டுக்கு இல்லாத வேறுபாடு இங்கே இருக்கிறது. ஆனால் செடிகளுக்கிடையே வேறுபாடு இல்லை. எல்லாச் செடிகளிலும் அந்த நொதி உண்டு. ஆகவே கௌ கிராஸ், களை, ரோஜா எல்லாமே அதற்கு ஒன்றுதான்.

அளவைப் பார்ப்போம். கிள்ளான் பள்ளத்தாக்கில் சாதாரண வரிசை வீடு இருபது அடி அகலம். வாசலில் பத்து அடி ஆழத்துக்குப் புல் இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். மொத்தம் இருநூறு சதுர அடி, ஏறக்குறைய 18.6 சதுர மீட்டர். கையிலுள்ள போத்தலின் லேபல், ஒரு ஹெக்டேருக்கு மூன்று லிட்டர் என்கிறதென்றும் கொள்வோம். ஒரு ஹெக்டேர் பத்தாயிரம் சதுர மீட்டர். ஆக, ஒரு சதுர மீட்டருக்கு 0.3 மில்லி. 18.6ஐ 0.3ஆல் பெருக்கினால் 5.6 மில்லி வருகிறது. வாசல் முழுவதுக்கும் சேர்த்துத் தேவைப்படுவது ஒரு தேக்கரண்டியைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். ஒரு லிட்டர் போத்தல் இப்படி நூற்றெழுபதுக்கும் மேற்பட்ட முறை அடிக்கப் போதும். "காரம் பத்தல" என்று மூடி மூடியாக ஊற்றுபவர், தேவையைப்போல் எத்தனையோ மடங்கு ஊற்றுகிறார்.

மிஞ்சியது எங்கே போகிறது? களிமண் கலந்த தரையில் விழுந்த கிளைபோசேட் மண் துகள்களோடு இறுக ஒட்டிக்கொண்டு, நுண்ணுயிர்களால் மெல்லச் சிதைகிறது. சிமெண்டுத் தரையில் ஒட்ட மண் இல்லை. சிமெண்டு இடுக்கில் முளைத்த களைக்கு அடித்தது, பிற்பகல் இடிமழையில் கழுவிக்கொண்டு லோங்காங்குக்கும், அங்கிருந்து ஆற்றுக்கும் போகிறது. இங்கே அது கிள்ளான் ஆறு. அந்த ஆறு கிள்ளான் நகரத்தைத் தாண்டிப் போர்ட் கிள்ளானில் கடலைச் சேர்கிறது. பருவமாற்ற மாதங்களான ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் மழை ஏறக்குறைய தினசரி விருந்தாளி. ஊடுநஞ்சு இலைக்குள் இறங்கச் சில மணி நேரம் மழையில்லாமல் வேண்டும். மூன்று மணிக்கு மருந்தடித்து நான்கு மணிக்கு மழை பெய்தால் களை பிழைக்கும், ஆறு குடிக்கும். மறுநாள் வீட்டுக்காரர் "இந்த மருந்து சரியில்ல" என்பார்.

தெலுக் இந்தானின் எழுத்துப்பிழை

அளவு சரி, நேரம் சரி, மழையும் இல்லை. ஆனாலும் காட்டுக் கேழ்வரகு சாகவில்லை என்றால்? இங்கேதான் புதிரின் நடு முடிச்சு இருக்கிறது. அதை உலகுக்கு அவிழ்த்துக் காட்டிய நாடுகளில் மலேசியா முன் வரிசையில் நிற்கிறது. 1990களின் நடுப்பகுதிவரை கிளைபோசேட்டை எதிர்க்கும் களை எளிதில் உருவாகாது என்ற நம்பிக்கை வலுவாக இருந்தது. அதைத் தயாரித்த நிறுவனத்தின் அறிவியலாளர்களே 1997இல் அப்படி எழுதினார்கள். 1996இல் ஆஸ்திரேலியாவில் ஒரு புல் அந்த நம்பிக்கையில் முதல் கீறலைப் போட்டிருந்தது. 1997இல் பேராக் மாநிலத்தின் தெலுக் இந்தானில், ஒரு பழத்தோட்டத்தில், திரும்பத் திரும்ப அடித்தும் சாகாத காட்டுக் கேழ்வரகு கண்டறியப்பட்டது. உலகில் இந்த எதிர்ப்பைக் காட்டிய இரண்டாவது களை அது.

2002இல் ஆய்வாளர்கள் காரணத்தை நொதிக்குள்ளேயே கண்டுபிடித்தார்கள். நொதி என்பது நூற்றுக்கணக்கான சிறு அலகுகள் கோத்த ஒரு மாலை. அந்த மாலையின் 106ஆம் இடத்தில் இருக்க வேண்டிய அலகுக்குப் பதில் வேறொன்று உட்கார்ந்திருந்தது. அது மரபுக் குறிப்பில் ஓர் எழுத்து மாறியதன் விளைவு. 'வழி' என்பதில் ஓர் எழுத்து மாறி 'வலி' ஆனால் பொருளே வேறாகிவிடும். இங்கே மாற்றம் அதைவிடச் சூட்சுமமானது. நொதி தன் வேலையைத் தொடர்ந்து செய்தது. குழியின் வடிவம் மட்டும் இம்மி பிசகி, கிளைபோசேட் இறுகப் பொருந்த முடியாமல் போயிற்று. நஞ்சு பிடித்துக்கொண்டிருந்த விளிம்பு நழுவிவிட்டது.

இதை மருந்து உண்டாக்கவில்லை, மருந்து தேர்ந்தெடுத்தது. இந்த வேறுபாட்டை ஒரு கணக்கால் உணரலாம். பத்து லட்சம் விதைகளில் ஒன்றில் தற்செயலாக அந்த எழுத்துப்பிழை இருக்கிறதென்று கொள்வோம். ஒரு செடி நாற்பதாயிரம் விதை உதிர்க்கிறதென்றால் இருபத்தைந்தே செடிகளின் விதைகள் பத்து லட்சத்தைத் தொட்டுவிடும். மருந்தில்லாத தரையில் அந்த ஒன்று கூட்டத்தில் ஒருத்தி. பெரும்பாலும் தடமின்றி மறையும். மருந்தடித்த தரையிலோ சுற்றிலும் எல்லாம் செத்து, வெளிச்சமும் உரமும் நீரும் அவள் ஒருத்திக்கே கிடைக்கின்றன. காட்டுக் கேழ்வரகு பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே சூல்கொள்ளும் செடி என்பதால், அந்தப் பிழை நீர்த்துப் போகாமல் பிள்ளைகளுக்கு இறங்குகிறது. குளிர்காலமில்லாத இந்த ஊரில் ஆண்டுக்குப் பல தலைமுறை ஓடிவிடும். அந்த விதைகள் மண்லாரியிலும், புல்வெட்டும் இயந்திரத்தின் தகட்டிலும், நாற்றங்காலிலிருந்து வரும் புல்பாளத்திலும் ஒட்டிக்கொண்டு ஊர் சுற்றுகின்றன. நேற்றுவரை தோட்டமாக இருந்த நிலத்தில் இன்று தாமான் எழும்பியிருக்கும் கிள்ளான் பள்ளத்தாக்கில், தோட்டத்தின் களை வரலாறும் வாசலுக்குக் குடிவருவதில் வியப்பில்லை.

"வேற மருந்துக்கு மாறினா போதாதா?"

நியாயமான மறுப்பு. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடிக்காமல், வேறு படியைத் தாக்கும் மருந்தை மாற்றி அடித்தால் எதிர்ப்பு உருவாவது தாமதமாகும் என்பது உண்மைதான். ஆனால் தாமதம் தீர்வாகாது என்பதற்கும் இந்த நாட்டுக் காட்டுக் கேழ்வரகே சாட்சி. 1990ஆம் ஆண்டளவிலேயே அது பாராகுவாட்டை எதிர்த்தது. பிறகு கிளைபோசேட்டை எதிர்த்தது. கிளைபோசேட்டுக்கு மாற்றாகத் தோட்டங்கள் தேடிப் போன குளுபோசினேட்டை, உலகிலேயே முதன்முதலாக எதிர்த்த களையும் அதுதான். 2009இல் மலேசியாவில் கண்டறியப்பட்ட இந்த எதிர்ப்பை ஆராய்ந்தவர்களில் மலாயாப் பல்கலைக்கழகத்தாரும் இருந்தார்கள். 2015இல், இவை மூன்றையும், போதாக்குறைக்குப் புல்கொல்லி வகை ஒன்றையும் ஒருசேரத் தாங்கும் மலேசியக் கூட்டம் ஒன்று ஆய்வுலகில் பதிவாயிற்று. கடை அலமாரியில் அடுத்தடுத்து அடுக்கியிருக்கும் போத்தல்கள் எல்லாவற்றையும் வரிசையாகக் கடந்துவந்த செடி அது.

அதே 2015இல் இன்னொரு செய்தியும் வெளிவந்தது. 106ஆம் இடத்தோடு 102ஆம் இடத்திலும் பிழை சேர்ந்த, இரட்டைப் பிழைக் காட்டுக் கேழ்வரகு மலேசியாவில் உருவாகியிருந்தது. கிளைபோசேட்டை அது பல மடங்கு தாங்கிற்று. ஆனால் இரண்டு ஆண்டு கழித்து வந்த ஆய்வு அதன் மறுபக்கத்தைக் காட்டியது. குழி அந்த அளவுக்கு மாறியதால் நொதி தன் சொந்த வேலையிலும் தடுமாறுகிறது. இரட்டைப் பிழைச் செடி மெலிந்து வளர்கிறது, குறைந்த விதையே தருகிறது. மருந்தில்லாத தரையில் சாதாரணக் காட்டுக் கேழ்வரகோடு போட்டியிட்டால் அது தோற்கும். அதாவது, அந்தச் செடியை வாழவைப்பது நம் மருந்தேதான். மேலும் மேலும் அதையே அடிக்கும் வீட்டுக்காரர், தாம் வெறுக்கும் செடிக்குத் தாமே காவல் நிற்கிறார். எல்லா எதிர்ப்புக்கும் இப்படி விலை இருக்கும் என்று சொல்லிவிட முடியாது. ஒற்றைப் பிழை மட்டும் உள்ள செடிகள் நன்றாகவே வளர்கின்றன. ஆனாலும் மருந்தை நிறுத்துவதும் ஒரு சிகிச்சையாகலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

புற்றுநோய், வினிகர், உப்பு

இங்கே இரண்டு குரல்கள் குறுக்கிடும். ஒன்று, கிளைபோசேட் புற்றுநோய் தருமே, அப்புறம் எதற்கு இந்த ஆராய்ச்சி என்பது. 2015 மார்ச்சில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்புள்ளவை என்ற 2ஏ வகுப்பில் அதைச் சேர்த்தது. அதே ஆண்டு அக்டோபரில் ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி போன்ற சிவப்பு இறைச்சியும் அதே வகுப்பில் சேர்ந்தது. அந்த முகமை கேட்கும் கேள்வி, இந்தப் பொருளால் அது முடியுமா என்பது. எவ்வளவு பட்டால், எத்தனை பேருக்கு என்று அந்த வகுப்பு சொல்வதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் தன் மதிப்பீட்டில் வேறு முடிவுக்கு வந்து, 2023இல் மேலும் பத்தாண்டு அனுமதி கொடுத்தது. இலங்கையோ 2015இல் தடைசெய்து, 2018இல் தேயிலைக்கும் ரப்பருக்கும் விலக்குக் கொடுத்தது. அறிஞர்கள் இன்னும் வழக்காடும் விஷயத்தில் வீட்டுக்காரர் தீர்ப்பு எழுதத் தேவையில்லை. கையுறை, மூடிய காலணி, காற்றில்லாத காலை, தேக்கரண்டி அளவு ஆகியவை எந்தத் தீர்ப்பு வந்தாலும் சரியாகவே இருக்கும்.

இன்னொரு குரல், சமையலறையிலேயே வழி இருக்கிறதே என்பது: வினிகர், உப்பு, பாத்திரம் கழுவும் சோப்பு. சமையல் வினிகரில் அமிலம் ஐந்து விழுக்காடு அளவுதான். இளம் நாற்றின் இலையைப் பொசுக்கும். வேரூன்றிய கொத்தை ஒன்றும் செய்யாது. அதாவது அது பலவீனமான தொடுநஞ்சு. உப்பு கொல்லும், ஆனால் அதற்கு எந்த வேறுபாடும் தெரியாது. களை செத்த பிறகும் மண்ணில் தங்கி, அடுத்து நடும் வெண்டையையும் தண்டிக்கும். இயற்கையானது என்ற பெயர் நஞ்சுக்குக் கண் கொடுத்துவிடாது. சிமெண்டு இடுக்குகளில் கொதிநீர் ஊற்றுவது இவற்றைவிடத் தேவலை. சூடு ஆறியதும் அது வெறும் தண்ணீராகிவிடுகிறது. ஆற்றுக்குப் போனாலும் குற்றமில்லை.

மருந்து காணாத வேறுபாடு

கௌ கிராஸுக்கும் காட்டுக் கேழ்வரகுக்கும் இடையே நஞ்சு பிடிக்கும் விளிம்பு இல்லை என்று பார்த்தோம். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. வேதியியல் காணாத வேறுபாடுகள் அவற்றுக்கிடையே உண்டு. காட்டுக் கேழ்வரகு எங்கே முளைக்கிறது என்று கவனித்தால் அது புரியும். கார் சக்கரம் ஏறி இறங்கும் ஓரம், குப்பைத்தொட்டி வைக்கும் மூலை, பிள்ளைகள் குறுக்கே ஓடும் தடம். மண் இறுகிப்போன இடங்களில் கௌ கிராஸின் வேர் மூச்சுத் திணறி மெலிகிறது. காட்டுக் கேழ்வரகின் வேர் அந்த இறுக்கத்தைத் தாங்கிக்கொண்டு இறங்குகிறது. அதன் விதை முளைக்க வெளிச்சம் உதவுகிறது. புல்லை மொட்டையடித்ததுபோல் ஒட்ட வெட்டினால் தரையில் வெயில் விழுந்து, உறங்கும் விதைகளுக்கு அழைப்பு போகிறது. இரண்டு அங்குல உயரம் விட்டு வெட்டினால் கௌ கிராஸே நிழல் போர்த்தி அவற்றை உறங்க வைக்கும். அடுத்தது ஆயுள். கௌ கிராஸ் ஓடுதண்டால் ஆண்டாண்டாகப் படரும் புல். காட்டுக் கேழ்வரகு விதையை மட்டும் நம்பிப் பிழைக்கும் ஓராண்டுச் செடி. கோரையைப்போல் கிழங்கு வைத்துக்கொள்வதில்லை. கதிர் முற்றுமுன் எடுத்துவிட்டால் அதன் கணக்கு அத்தோடு முடிந்தது.

பெரிய பாடாங்குக்கும் செம்பனைத் தோட்டத்துக்கும் இதெல்லாம் ஆகிற காரியமா என்று கேட்டால், ஆகாதுதான். நூறு ஹெக்டேரைக் கையால் களையெடுக்கச் சொல்வது, முதுகில் பம்பு சுமந்தவர்களின் தோளில் இன்னொரு சுமையை ஏற்றுவதாகும். அங்கே மருந்துக்கு இடமுண்டு; அளந்து, மாற்றி மாற்றி, காப்புடை போட்டு. ஆனால் தோட்டத்துக்காகப் பிறந்த வழக்கத்தை இருநூறு சதுர அடி வாசலுக்கு அப்படியே கொண்டுவர எந்தக் காரணமும் இல்லை. வாசலில் தொட்டாற்சுருங்கி மண்டினால் தேர்ந்து கொல்லும் நஞ்சு ஒரு தேக்கரண்டி உதவும். கோரை என்றால் கிழங்கோடு தோண்ட வேண்டும்; இல்லையென்றால் கிழங்குவரை இறங்கும் ஊடுநஞ்சை, கோரைக்கென்று லேபலில் எழுதியிருந்தால் மட்டும், சுற்றியுள்ள புல்லில் படாமல் தடவ வேண்டும். சிமெண்டு இடுக்குக்குக் கொதிநீர். கீழாநெல்லியும் வல்லாரையும் முளைத்தால், அவற்றைக் களை என்று யார் சொன்னது என்பதையே ஒருமுறை யோசிக்கலாம்.

காட்டுக் கேழ்வரகுக்கு நல்ல நாள், மருந்தடிக்கவே கூடாத நாள்தான்: பிற்பகல் பெருமழை பெய்து ஓய்ந்த மாலை. காய்ந்த மண்ணில் எவ்வளவு இழுத்தாலும் அசையாத வேர், ஊறிய மண்ணில் பிடி தளர்ந்திருக்கும். தட்டையாக விரிந்த இலைகளைக் கூட்டிப் பிடித்து, வெள்ளை அடித்தண்டுக்குக் கீழே பழைய கத்தியைச் செருகி நெம்பினால் முழுக் கொத்தும் மண்ணோடு வரும். கதிர் இருந்தால் உதறாமல் பையில் கட்ட வேண்டும். எடுத்த குழியில் கம்பியால் நாலு குத்துக் குத்தி மண்ணை இளக்கி, பக்கத்துக் கௌ கிராஸ் ஓடுதண்டு ஒன்றைக் கிள்ளி ஊன்றிவிட்டால் சில வாரத்தில் அது மூடிக்கொள்ளும். 106ஆம் இடத்தில் எந்த எழுத்து மாறியிருந்தாலும் கத்திக்கு அது ஒரு பொருட்டில்லை.